குழாய்க்கு அளவு வைப்பது யார்?

மன்னாரில் புது வீட்டுக் குசினிக்குக் குழாய் வாங்கப் போகிறவரிடம் ஹாட்வெயார் கடையில் பெரும்பாலும் கேட்பது என்ன விலைக்குள், சுவரில் பூட்டவா சிங்கில் பூட்டவா, வெள்ளியா கறுப்பா என்பவைதான். பதில் சொன்னால் சாமான் பெட்டியோடு கைக்கு வந்துவிடும். இதற்குள் சமயம் எங்கே வந்தது என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். கோயில் குருக்களிடமோ பள்ளிவாசல் மௌலவியிடமோ பங்குத்தந்தையிடமோ கேட்டாலும், அது அவரவர் வசதி, அவரவர் ருசி, அதில் பாவமும் இல்லை புண்ணியமும் இல்லை என்றே சொல்லக்கூடும். செய்தாலும் விட்டாலும் ஒன்றுதான் என்ற காரியங்களுக்கு இஸ்லாமியச் சட்டத்தில் தனி வகுப்பே உண்டு, முபாஹ் என்பார்கள். குசினிக் குழாயை அந்த வகுப்பில் போட்டதில்தான் பிழை என்பது என் கட்சி. தண்ணீர் விஷயத்தில் மன்னாரின் மூன்று சமயங்களும் எதைக் கட்டிக் காத்து வந்தனவோ, அதைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்ட சாமான் குழாய். அதை மீண்டும் பூட்டுவதா, கழன்றபடியே விடுவதா என்பதைக் குழாய் வாங்குகிறவர்தான் தீர்மானிக்கிறார், தெரிந்தோ தெரியாமலோ.

கழன்றுபோனது அளவு. வீட்டுக்குள் தண்ணீர் புழங்கிய எல்லா ஏனங்களுக்கும் ஓர் அடியும் ஒரு விளிம்பும் உண்டு. குடம், வாளி, செம்பு, கிடாரம் எதை எடுத்தாலும் அது கொள்வது இவ்வளவு என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். கிணற்றில் அள்ளும்போது கயிறும் தோளும் சேர்ந்து இன்னொரு கணக்கு வைத்திருந்தன. குழாய்க்கு அடியும் இல்லை, விளிம்பும் இல்லை. இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஏனத்தில் இருக்கும் தண்ணீர், நாம் ஒன்றும் செய்யாவிட்டால் அங்கேயே இருக்கும். திறந்த குழாயில் வரும் தண்ணீர், நாம் ஒன்றும் செய்யாவிட்டால் போய்க்கொண்டே இருக்கும். வாளியோடு இருக்கும்போது கவனம் பிசகினால் நட்டம் ஒரு வாளி. குழாயடியில் கவனம் பிசகினால் நட்டத்துக்கு எல்லை தாங்கியின் அடிதான். இரண்டு கையிலும் சவர்க்காரம், அடுப்பில் குழம்பு, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்ற நிலைமையில் ஒருவரின் நல்லெண்ணம் எந்த அளவுக்கு வேலை செய்யும் என்பதை எவரும் ஊகித்துக்கொள்ளலாம்.

சமயங்கள் மனிதரின் நல்லெண்ணத்தை நம்பித் தண்ணீரை அவர்கள் கையில் கொடுத்துவிடவில்லை. இது சடங்குகளின் சிறு விவரங்களைப் பார்த்தால் தெரியும். சைவ அனுட்டானத்தில் ஆசமனத்துக்கு எடுக்கும் நீர் உள்ளங்கைக் குழியில் ஓர் உளுந்து அமிழும் அளவு. கையைப் பசுவின் காது போலக் குவிக்கச் சொன்னதே அந்த அளவு தானாக அமைவதற்குத்தான். கத்தோலிக்கத் திருமுழுக்கில் தண்ணீர் தலையில் பட்டு ஓடவேண்டும், அவ்வளவே நிபந்தனை. சிறு சிப்பியோ கிண்ணமோ போதும். 1544இல் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் திருமுழுக்குப் பெற்று, அதே ஆண்டில் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் படையால் கொல்லப்பட்ட மன்னார் வேதசாட்சிகள் எந்தத் தண்ணீருக்காக உயிரைக் கொடுத்தார்களோ, அது ஒரு கையளவைத் தாண்டியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. இஸ்லாத்தில் இந்த அளவு இன்னும் துல்லியமாகவே பதிவாகி இருக்கிறது. நபிகள் ஒரு முத்து அளவு நீரில் வுளு, அதாவது தொழுகைக்கு முந்திய கழுவல், செய்தார்கள், ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையான நீரில் குளித்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்பிலும் உள்ள செய்தி. முத்து என்பது இரண்டு கை சேர்ந்த கொள்ளளவு; இன்றைய கணக்கில் முக்கால் லீற்றருக்குள் அடங்கும். நான்கு முத்து ஒரு ஸாவு.

ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் வுளுவில் தண்ணீரை விரயமாக்காதே என்ற செய்தியைத்தான் பிரசங்கங்களில் அதிகம் கேட்கிறோம். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். முத்துச் செய்தியின் பலம் அதைவிட அதிகம். இரண்டும் ஒன்றல்ல. முந்தியது புத்திமதி, பிந்தியது ஒரு பாத்திரம். நபித்தோழர் ஜாபிரிடம் ஒருவர் ஒரு ஸாவு நீர் எனக்குக் குளிக்கக் காணாது என்றபோது, உன்னைவிட முடி அடர்ந்தவருக்கும் உன்னைவிடச் சிறந்தவருக்கும் அது போதுமாக இருந்ததே என்று அவர் பதில் சொன்னதாகப் புகாரியில் வருகிறது. இந்தப் பேச்சுக்கு இடம் வந்ததே கையில் அளக்கும் ஏனம் இருந்ததால்தான். காணாது என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால் எவ்வளவு என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். குழாயில் முகம் கை கால் கழுவுகிறவருக்குத் தான் எவ்வளவு எடுத்தேன் என்பதே தெரியாது. ஆகவே கூடிவிட்டது என்று அவரால் நினைக்கவும் முடியாது. செக்கனுக்கு ஒரு துளி வடியும் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். துளி கால் மில்லிலீற்றர் என்றால் நாளுக்கு 21 லீற்றரைத் தாண்டுகிறது. முத்துக் கணக்கில் அது ஏறத்தாழ முப்பது வுளு. ஒரு தொழுகையாளியின் ஆறு நாள் வுளுத் தண்ணீர், வாசர் தேய்ந்த குழாய் வழியே ஒரே நாளில் போய்விடுகிறது.

இதற்கு உடனே எழக்கூடிய மறுப்பு சமயத்துக்குள்ளிருந்தே வரும். சமயம் சிக்கனத்தை மட்டுமா சொல்கிறது? அபிஷேகம் என்பது என்ன? சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தில் மகா சிவராத்திரி அன்று அடியார்கள் பாலாவித் தீர்த்தத்தைக் குடத்தில் மொண்டு வந்து தங்கள் கையாலேயே சிவலிங்கத்துக்கு ஊற்றுகிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள், ஆளுக்குக் குடம் குடமாக. உளுந்து அமிழும் அளவும் அங்கே உண்டு, இந்தப் பெருக்கும் அங்கே உண்டு. நான் சொல்வது கஞ்சத்தனம் என்றால் இந்த மறுப்பு என்னை முறியடித்துவிடும். ஆனால் அளவு என்பது குறைவு அல்ல. பாலாவிக் கரையிலிருந்து குடம் சுமந்து வரிசையில் நிற்கும் ஒருவருக்குத் தான் எவ்வளவு கொண்டு வந்தோம், எவ்வளவு ஊற்றினோம் என்பது இடுப்புக்கும் தோளுக்கும் தெரியும். நிறையக் கொடுக்கிறவருக்குத்தான் கணக்குத் தெரியவேண்டும். கணக்குத் தெரியாமல் போவதைக் கொடை என்று சொல்லும் வழக்கம் எந்தச் சமயத்திலும் இல்லை. அந்தத் தீர்த்தத்தைக் குடத்துக்குப் பதிலாகக் குழாய் இழுத்து லிங்கத்தின் மேல் நாள் முழுக்கத் திறந்துவிட்டால் தண்ணீர் இன்னும் அதிகம் விழும். அதை யாராவது பெரிய அபிஷேகம் என்பார்களா?

மன்னார்த் தீவில் இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிடக் கூர்மையாக விழுவதற்கு நிலமே காரணம். தீவு பெரும்பாலும் மணல். ஆண்டுக்கு 1000 மில்லிமீற்றர் அளவில்தான் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடும். மணலுக்குள் இறங்கிய அந்த மழைநீர் அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. நன்னீர் கடல்நீரைவிடச் சற்று இலேசு. அதனால் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். ஒல்லாந்துப் பொறியியல் அதிகாரி பாடோன் கைபெனும் ஜெர்மானியர் ஹெர்ஸ்பேர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டித் தனித்தனியே கண்ட விதி இது. கேட்பதற்கு ஆறுதலாக இருக்கும், மேலே ஒன்று கீழே நாற்பது என்று. ஆனால் அதே விதி மறுபக்கமும் வேலை செய்கிறது. நீர்மட்டம் ஒரு சாண் இறங்கி அப்படியே நின்றுவிட்டால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்புநீர் நாற்பது சாண் ஏறி வரும். மோட்டர் பூட்டி ஓரிடத்தில் அவசரமாக இழுத்தால் அந்த இடத்துக்கு நேர் கீழே கடல் கூம்பாக எழும்பும். பேசாலையிலோ எருக்கலம்பிட்டியிலோ ஒரு கிணறு சவராகிவிட்டால் அது அந்த வீட்டுக்காரரின் கிணறு மட்டும் சவரானதல்ல. வேலிக்கு அப்பால் உள்ளவரும் அதே நீரின் மேல்தான் இருக்கிறார். மேற்பரப்பில் காணிக்கு எல்லை உண்டு, உறுதியில் எழுதியிருக்கும். அடியில் இருக்கும் நீருக்கு எல்லைக்கல் நாட்ட முடியாது.

இரண்டாவது மறுப்பு அளவுகளைப் பற்றியது, அதைச் சொல்கிறவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். இலங்கையில் எடுக்கப்படும் நீரில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் விவசாயத்துக்குப் போகிறது. குசினிக் குழாயில் மிச்சம் பிடித்து எதைச் சாதிக்கப் போகிறீர்கள் என்பார்கள். நாடு முழுவதற்கும் இந்தக் கணக்குச் சரி. அருவியாற்றைத் தேக்கம் அணைக்கட்டில் மறித்துக் கட்டுக்கரைக்குளத்துக்குத் திருப்பி நானாட்டான், முருங்கன் வயல்களுக்குப் பாய்ச்சும் நீரோடு பார்த்தால் வீட்டுக் குழாய் எந்த மூலைக்கு? ஆனால் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் வந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. அங்கே சொல்லும்படியான நெல்வயல் இல்லை. பனை, தென்னை, மீன்வாடி, வீடு, விடுதி. மணலடி நீரை எடுப்பவர்களில் வீட்டுக்காரர் முன்வரிசையில் நிற்கிறார். நாட்டின் சராசரியைக் காட்டித் தீவில் ஒருவர் தப்பிக்க முடியாது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய்நீர் முருங்கன் பக்கத்துக் கிணறுகளிலிருந்துதானே வருகிறது, அதை எவ்வளவு திறந்தாலும் தீவின் நீருக்கு என்ன குறை என்று கேட்கலாம். குறை தீவுக்கு இல்லை, முருங்கனுக்கு. பக்கத்து வீட்டுக் கிணறு என்றால் கண்ணுக்குத் தெரியும். பெருநிலத்துக் கிணறு கண்ணுக்குத் தெரியாது என்பதால் கடமை குறைந்துவிடுமா?

ஆனால் இந்த மறுப்புக்குள் ஒரு நியாயமான எச்சரிக்கை இருக்கிறது, அதைத் தள்ளிவிடக் கூடாது. தீவின் மணலில் உள்ள இல்மனைற் கனிமத்தை அகழ்ந்தெடுக்கும் முயற்சிகளுக்கும், புதிய காற்றாலைகளுக்கும் எதிராக மன்னார் மக்கள் 2025இல் நாட்கணக்கில் வீதியில் நின்றார்கள். மணல் போனால் மழையைப் பிடித்து வைக்கும் பாத்திரமே போய்விடும் என்ற அச்சம் அந்தப் போராட்டத்தில் இருந்தது. அந்த விஷயத்தில் வாயைத் திறக்காமல் சிக்கனக் குழாய் பூட்டிவிட்டேன் என்று ஒருவர் மனதைத் தேற்றிக்கொண்டால், அவர் குழாயைப் பரிகாரமாக வாங்கியிருக்கிறார். பெரிய அநியாயத்தைச் சிறிய நல்லொழுக்கத்தால் மூடும் பழக்கம் பக்தர்களிடம் நிறையவே உண்டு. தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு நீதியை மறந்தவர்களை இயேசு கடிந்துகொண்டதைச் சுவிசேஷம் வாசித்தவர்கள் அறிவார்கள். அவர் அதைச் செய், இதையும் விடாதே என்றுதான் சொன்னார். தசமபாகத்தை நிறுத்தச் சொல்லவில்லை.

நான் காசு கட்டுகிறேன், மானி ஓடுகிறது, பில் வருகிறது, பிறகு என்ன என்பது அடுத்த மறுப்பு. கேட்டால் முடிந்த வழக்குப்போல இருக்கும். இஸ்லாமியச் சட்ட நூலார் இதை நுணுக்கமாகவே யோசித்திருக்கிறார்கள். தண்ணீர், புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற நபிமொழியிலிருந்தும், மிஞ்சிய நீரைத் தடுத்து வைக்காதீர்கள் என்ற கட்டளையிலிருந்தும் தொடங்கி அவர்கள் ஒரு வேறுபாடு செய்தார்கள். ஊற்றிலும் ஆற்றிலும் உள்ள நீர் பொது. ஒருவர் தன் ஏனத்தில் சேர்த்தெடுத்த நீர் அவருடையது, அவர் அதை விற்கலாம். உடைமை தொடங்கும் இடம் ஏனத்தின் விளிம்பு. இந்த வேறுபாட்டைக் குசினிக்குக் கொண்டுவந்தால் என்ன கிடைக்கிறது? நாம் கட்டும் பில் பெரும்பாலும் தோண்டியதற்கும் சுத்திகரித்ததற்கும் குழாய் இழுத்ததற்கும் பம்ப் ஓட்டியதற்குமான கூலி. பானையில் விழுந்த நீருக்கு அந்தக் கூலி பொருந்துகிறது; அது பானைக்காரருடையது. பானையில் விழாமல் சிங்க் வழியே போன நீர் யாருடையது? யாருடைய ஏனத்திலும் அது சேரவில்லை. பொதுவிலிருந்து புறப்பட்டு, எவருக்கும் உடைமையாகாமல், மலக்குழிக்கோ கானுக்கோ போய்ச் சேர்ந்தது. அதற்குக் காசு கட்டினோம் என்பது உண்மை. அதை நமது ஆக்கினோம் என்பது உண்மை அல்ல. குடிநீர் அடிப்படை மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010இல் தீர்மானம் எடுத்தது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட லவ்தாத்தோ சி மடலில் அதையே வலியுறுத்தினார். உரிமை என்று ஒன்றைச் சொன்னால் அதை மறுபுறத்தில் ஒருவர் கடனாகச் சுமக்கவேண்டும். அரசுதான் அந்தக் கடனாளி என்று விட்டுவிடலாம். ஆனால் வைகாசி, ஆனியில் பவுசருக்காகக் கலன்களை அடுக்கி வைத்துக் காத்திருக்கும் குடும்பங்கள் உள்ள ஒரு மாவட்டத்தில் அந்தப் பதில் கொஞ்சம் அவசரமான பதில்.

எனக்கு மிகவும் பாரமாகத் தோன்றும் மறுப்பு பெண்களிடமிருந்து வருவது. கிணற்றையும் குடத்தையும் கயிற்றையும் புகழ்கிறவர் யார்? பெரும்பாலும் அவற்றைச் சுமக்காதவர். தோளும் இடுப்பும் வைத்திருந்த கணக்கு என்று மேலே நான் எழுதியது யாருடைய தோள், யாருடைய இடுப்பு? யோவான் சுவிசேஷத்தில் யாக்கோபின் கிணற்றடிக்கு வந்த சமாரியப் பெண், இயேசு தரும் தண்ணீரைப் பற்றிக் கேட்டதும் சொல்வது, அதை எனக்குத் தாரும், நான் மறுபடி இங்கே வந்து மொள்ளாமல் இருக்கலாமே என்ற பொருளில்தான். பிரசங்கிகள் பெரும்பாலும் அவள் விளங்காமல் பேசினாள் என்று தாண்டிப் போய்விடுவார்கள். அவள் சரியாகத்தான் கேட்டாள். உச்சி வெயிலில் நீர் சுமக்கும் ஒருத்திக்கு முதலில் வேண்டியது வீட்டுக்குள் ஒரு குழாய். வடக்கின் கிணற்றடிகளுக்கு இன்னொரு முகமும் உண்டு: யார் வாளி போடலாம், யார் ஒதுங்கி நின்று மற்றவர் ஊற்றுவதை ஏந்த வேண்டும் என்று சாதி வகுத்த இடம் அது. தெருக்குழாயின் திருகை யார் கையும் திருகலாம் என்று வந்தது சின்ன மாற்றம் அல்ல. ஆகவே கிணற்றுக்குத் திரும்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் சொல்வது நேர் எதிர்த் திசையில் போகிறது. அன்று அளவைச் சுமந்தது பெண்ணின் உடம்பு. குழாய் அந்தச் சுமையை இறக்கியபோது அளவையும் சேர்த்து இறக்கிவிட்டது. பிறகு தண்ணீர் போதாமல் வரும் நாட்களில், கவனமாகப் பாவி, பைப்பை மூடு என்ற ஏச்சு வடிவில் அதே அளவு மறுபடி அவள் தலையிலேயே ஏற்றப்படுகிறது. அந்த அளவை அவள் உடம்பும் சுமக்க வேண்டாம், அவள் மனமும் சுமக்க வேண்டாம், சாமானே சுமக்கட்டும் என்பதுதான் நல்ல குழாய் வாங்குவதன் நியாயம்.

இங்கே தத்துவக்காரர் குறுக்கிடுவார். குழாயே அளவு வைத்துவிட்டால் மனிதருக்கு அதில் என்ன புண்ணியம்? நிய்யத்து, அதாவது எண்ணம், இல்லாத செயலுக்குக் கூலி உண்டா? கட்டிப்போட்ட கை களவெடுக்கவில்லை என்று அதை நேர்மையான கை என்போமா? மறுப்பு வலுவானதுதான், ஆனால் அது எண்ணத்தைத் தவறான நேரத்தில் தேடுகிறது. நோன்பு பிடிப்பவர் ஒவ்வொரு நிமிடமும் நோன்பைத் தீர்மானிப்பதில்லை. விடியுமுன் ஒருமுறை தீர்மானிக்கிறார், அந்தத் தீர்மானம் நாள் முழுக்க அவரைத் தாங்குகிறது. நேர்த்தி வைத்தவரும் அப்படித்தான். தான் பலவீனமாக இருக்கப்போகும் நேரத்தைத் தெளிவாக இருக்கும் நேரத்திலேயே கட்டிவைப்பது சமய வாழ்க்கையின் பழைய உத்தி. முத்து என்ற பாத்திரமும், குவித்த உள்ளங்கையும், சிப்பியும் அதே உத்திதான். குழாய் வாங்கும் நாளில் ஒருவர் செய்யக்கூடிய நிய்யத்து அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு அவர் வீட்டில் யார் யார் அவசரத்தில், களைப்பில், மறதியில் அந்தக் குழாயைத் திறந்தாலும் அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துச் செய்யும் நிய்யத்து. அதில் புண்ணியம் இல்லை என்றால் கிணறு வெட்டி வைத்தவருக்கும் புண்ணியம் இல்லை. வெட்டியவர் இறந்த பிறகும் அள்ளுகிறவர்கள் அவரை நினைத்தா அள்ளுகிறார்கள்?

அப்படியானால் எந்தக் குழாய்? தத்துவம் இந்த இடத்தில் கழன்றுகொள்வது வழக்கம், அது சரியல்ல. பெட்டியில் நீர்ச்சிக்கனம் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப முடியாது. காற்றைக் கலந்து விடும் வலைமுனை பூட்டிய குழாய், நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லீற்றர் வரும் ஓட்டத்தை ஆறு லீற்றர் அளவுக்கு இறக்கும். ஆனால் அது அழுத்தம் உள்ள இடத்துக்கு. கூரைக்குச் சற்று மேலே தாங்கி வைத்த வீட்டில் அழுத்தம் அதற்குக் காணாது. அங்கே அந்த முனை நூல்போல வடியும், நான்காம் நாள் வீட்டுக்காரரே அதைக் கழற்றி எறிவார். கிணற்று நீர் வன்னீராக இருந்தால் வலையில் சுண்ணாம்பு கட்டும். கழற்றி எலுமிச்சம்புளியில் ஊறவைக்கக்கூடிய முனையா என்று பார்க்க வேண்டும். உள்ளே பீங்கான் தட்டு வைத்த குழாயில், மணல் கலந்து வரும் நீர் அந்தத் தட்டைக் கீறிவிடும். முன்னால் ஒரு வடி இல்லாமல் அந்த வகை இங்கே நெடுநாள் நில்லாது. உப்புக்காற்றுக்குப் பளபளப்பான மலிவுக் கலப்புலோகம் சில ஆண்டுகளில் கொப்பளித்துவிடும்; பித்தளையோ நல்ல பிளாஸ்ரிக்கோ தாங்கும். கால்வட்டம் திருப்பினால் மூடும் பிடியோ, முழங்கையால் தட்டி மூடும் பிடியோ சவர்க்காரக் கைக்கு உதவும். திறப்பதைவிட மூடுவது சுலபமாக இருக்கவேண்டும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வாய் எவ்வளவு உயரம், அதன் கீழ் ஒரு குடம் நிற்குமா என்று பார்ப்பது அழகுக்காக அல்ல, ஏனத்தைக் குழாயடிக்குத் திரும்பக் கொண்டுவருவதற்காக. கிணறும் சபைக்குழாயும் உள்ள வீட்டில் இரண்டுக்கும் தனித்தனி வாய் வைப்பது இன்னும் நல்லது. கருவாட்டுச் சட்டி கழுவக் குடிதண்ணீர் எதற்கு? புதுப் பித்தளைக் குழாயில் இரவு முழுக்கத் தங்கிய நீரில் ஈயம் சிறிது கலக்கக்கூடும்; காலையில் முதல் தண்ணீரைக் குடிக்காமல் வாளியில் பிடித்து முருங்கைக்கு ஊற்றினால் உடம்பும் பிழைக்கும், நீரும் பிழைக்கும்.

இவற்றைவிட நான் பெரிதாக நினைப்பது திருத்தக்கூடிய தன்மையை. ரப்பர் வாசர் போட்ட பழைய மாதிரிக் குழாய் பார்வைக்கு எளியது. ஆனால் அது ஒழுகினால் தலைமன்னாரில் உள்ள பாஸும் ஒரு குறடோடு வந்து சில நிமிடத்தில் சரிக்கட்டுவார், வாசர் எந்தக் கடையிலும் இருக்கும். வெளிநாட்டுப் பெயரோடு வந்த ஒற்றைப்பிடிக் குழாயின் உள்ளுறுப்பு மன்னாரில் கிடைக்காவிட்டால், கொழும்பிலிருந்து வரும் வரைக்கும் அது வடிந்துகொண்டே இருக்கும், சில வீடுகளில் வருடக் கணக்கில். திருந்த வழியற்ற சாமானை வாங்குவதும் ஒரு வகையில் விரயத்தை முன்கூட்டியே ஒப்புக்கொள்வதுதான்.

வீடு மட்டும்தான் குழாய் வாங்குகிறது என்று நினைத்தால் விஷயத்தில் பாதியை விட்டுவிடுவோம். பள்ளிவாசலில் வுளுவுக்கு இருந்த ஹவுள் என்ற தொட்டியை எடுத்துவிட்டு வரிசையாகக் குழாய் பூட்டும் இடங்கள் பெருகிவிட்டன. ஷாபி மத்ஹபில் இரண்டு குல்லத்துக்கு, அதாவது ஏறத்தாழ இருநூறு லீற்றருக்குக் குறையாத நீர் என்ற சட்டம் அந்தத் தொட்டிக்குக் கட்டாய அளவு வைத்திருந்தது. குழாய் வரிசைக்கு அப்படி ஒரு சட்டம் யாரும் எழுதவில்லை. மடுத்திருப்பதியில் ஆவணித் திருவிழாவுக்குக் காட்டுக்குள் கூடாரமடிக்கும் இலட்சக்கணக்கானவர்களுக்கும், திருக்கேதீச்சரத்தில் சிவராத்திரிக்கு வருகிறவர்களுக்கும் யாரோ ஒருவர் குழாய் தேர்ந்திருக்கிறார். அந்த ஒருவரின் தேர்வு ஓராயிரம் குசினிகளின் தேர்வுக்குச் சமம், ஆனால் அது பெரும்பாலும் விலைமனுவில் எது குறைவோ அதுவாகவே முடிகிறது. கையை எடுத்ததும் தானாக மூடும் வில்லுக்குழாய் விலை கூடியது. வில் தளர்ந்தால் மாற்றவும் வேண்டும். நீர்த்தாங்கி கட்ட உபயகாரர் கிடைப்பார், தாங்கியில் பெரிய எழுத்தில் அவர் பெயரும் இருக்கும். வாசருக்கும் வில்லுக்கும் உபயகாரர் கிடைக்கமாட்டார். நிர்வாகசபை தன் வரவுசெலவில் அதற்கென்று ஒரு வரி போட்டு வைத்தால்தான் உண்டு.